கல்யாணப் பதிவு: எந்தச் சட்டம், எந்த நாள், எந்தக் காகிதம்?

மண்டபத்துக்கு ஆள் இருக்கிறது, சமையலுக்கு ஆள் இருக்கிறது, பத்திரிகை வைக்க ஊரே இருக்கிறது. சான்றிதழுக்கு மட்டும் யாரும் இருப்பதில்லை. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டுவிட்டு, விசாவுக்கோ வீட்டுக் கடனுக்கோ சான்றிதழ் கேட்ட பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடுவதுதான் வழக்கம். தமிழ்நாட்டில் கல்யாணம் செய்பவர்களுக்கான குறிப்புகள் இவை. முகூர்த்தம் குறிக்கும் அன்றே காகிதத்துக்கும் நாள் குறித்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

1. எந்தச் சட்டம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"ரெஜிஸ்டர் மேரேஜ்" என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு காரியங்களுக்குச் சொல்கிறோம். நடந்து முடிந்த கல்யாணத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது ஒன்று. சார்பதிவாளர் முன்னாலேயே கல்யாணம் செய்துகொள்வது இன்னொன்று. இரண்டுக்கும் படிவம் வேறு, நாள் கணக்கு வேறு.

இருவரும் இந்து என்றால் (பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம்) 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் பொருந்தும். இதில் கல்யாணம் முதலில் நடக்க வேண்டும், பதிவு பிறகுதான். சடங்கே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்தால் அது கல்யாணம் ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விசாவுக்கு அவசரம், சடங்கை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே பதிவு செய்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

சடங்கு என்றால் ஹோமமும் ஐயரும்தான் வேண்டும் என்பதில்லை. இந்தச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7ஏ பிரிவு இருக்கிறது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று நடந்தாலே சட்டப்படி கல்யாணம். புரோகிதர் தேவையில்லை. படமும் சாட்சியும் மட்டும் பத்திரமாக இருக்கட்டும்.

ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால் கோயிலில் தாலி கட்டினாலும் இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது. மதம் மாறாமல் கல்யாணம் செய்ய நேரான வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஒரே மதத்தவரும் விரும்பினால் இதன்கீழ் செய்துகொள்ளலாம். ஆனால் இந்து ஒருவர் வேறு மதத்தவரை இந்தச் சட்டத்தில் மணந்தால், கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகச் சட்டம் கருதும். வாரிசுரிமையும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி போகும். குடும்பச் சொத்து பிரிபடாமல் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். இருவருமே இந்து என்றால் இந்த விளைவு கிடையாது.

நம் ஊருக்கே உரிய பொறி ஒன்று உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தின் பக்கம் போகாதீர்கள். இந்த உறவுகள் எல்லாம் அதன் தடைப் பட்டியலில் இருக்கின்றன. வழக்கத்தைக் காட்டி விலக்குப் பெறலாம்தான், ஆனால் அந்த வழக்கத்தை அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தில் உங்கள் சமூக வழக்கமே விலக்காக நிற்கும். முறைப்பெண், முறைப்பையன் என்றால் அந்த வழிதான் சரி.

இதற்கெல்லாம் மேலே 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று யாருடைய கல்யாணமானாலும் இங்கே நடந்தால் பதிவு கட்டாயம். சர்ச் பதிவேடும் ஜமாஅத் நிக்காஹ் புத்தகமும் கல்யாணம் நடந்ததற்குச் சான்று, அரசுப் பதிவுக்கு மாற்று அல்ல.

2. பெயரைச் சரிசெய்யுங்கள், பிறகு மற்றது

விண்ணப்பம் திரும்பி வர முதல் காரணம் பெயர்தான். அதிலும் இனிஷியல். ஆதாரில் "கவிதா எஸ்", பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் "எஸ். கவிதா", பாஸ்போர்ட்டில் "கவிதா சுப்பிரமணியன்", பான் அட்டையில் "சுப்பிரமணியன் கவிதா". நமக்கு நான்கும் ஒரே ஆள். கணினிக்கும் தூதரகத்துக்கும் நான்கு பேர். ஆங்கில எழுத்தில் "த"வுக்கு ஒரு இடத்தில் எச் இருக்கும், இன்னோர் இடத்தில் இருக்காது.

எல்லா ஆவணங்களையும் தரையில் பரப்பி, ஒரு தாளில் எழுத்து எழுத்தாக எழுதிப் பாருங்கள். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, முகவரி. வெளிநாடு போகிற எண்ணம் துளி இருந்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ளதையே மூலமாக வையுங்கள், மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். கல்யாணத்துக்கு முன் ஒரு வாய்ப்பை அவசரத்தில் வீணாக்கினால், பின்னால் கணவர் பெயரைச் சேர்க்க நினைக்கும்போது கை கட்டிப்போய்விடும்.

மணமகள் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்பா இனிஷியலோடேயே காலம் முழுக்க இருக்கலாம். மாற்றுவதானாலும் பதிவு முடிந்த பிறகு மாற்றுங்கள். பதிவுக்கு முன்பே ஆதாரில் கணவர் பெயரை ஏற்றிவிட்டு, பள்ளிச் சான்றில் அப்பா பெயரோடு வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

3. நாள் கணக்கு

தமிழ்நாடு பதிவுச் சட்டத்தில் கல்யாணம் நடந்த நாளிலிருந்து 90 நாள் அவகாசம். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னொரு 60 நாள். ஜனவரி 29இல் முகூர்த்தம் என்றால் ஏப்ரல் 29 முதல் கெடு, ஜூன் 28 கடைசிக் கெடு. தை மாதக் கல்யாணக்காரர்கள் பலர் மறுவீடு, ஆடி அழைப்பு எல்லாம் முடித்துவிட்டு நிதானமாக வருவார்கள். ஆடி பிறப்பது ஜூலை நடுவில்.

150 நாள் தாண்டிவிட்டால்? சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவில், வேறு முறையில் நடந்த பழைய கல்யாணத்தைப் பதியலாம். ஆனால் அதற்கும் 30 நாள் அறிவிப்பு உண்டு (ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று முன்கூட்டியே தெரிவிப்பது), இருவரும் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது வசித்திருக்க வேண்டும், பதியும்போது இருவருக்குமே 21 நிறைந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 18இல் கல்யாணம் செல்லும், இந்தப் பதிவு மட்டும் 21க்குப் பிறகுதான். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இந்த வழியும் ஒத்துவராது. இந்துத் தம்பதி என்றால் முதலில் இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவைக் கேளுங்கள்.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் நேரடியாகக் கல்யாணம் செய்பவர்களுக்குக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. இரண்டு கடிகாரங்கள் ஓடும், இரண்டும் ஒரே நாளில் தொடங்காது. ஆட்சேபத்துக்கான 30 நாள், அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்ட நாளிலிருந்து. கல்யாணத்தை முடிப்பதற்கான மூன்று மாதம், கல்யாணம் செய்யப்போகிறோம் என்ற அந்த அறிவிப்பை நீங்கள் அதிகாரியிடம் கொடுத்த நாளிலிருந்து. மார்ச் 5இல் கொடுத்து, மார்ச் 7இல் ஒட்டினார்கள் என்றால் ஏப்ரல் 7லிருந்து ஜூன் 4 வரைதான் உங்களுக்கான ஜன்னல். அதைத் தவறவிட்டால் அறிவிப்பு காலாவதி, மறுபடி முதலிலிருந்து. இணையத்தில் விண்ணப்பம் அனுப்பிய தேதி இந்த இரண்டு கணக்கிலும் வராது. அதை நம்பி மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். எந்தத் தேதியில் ஒட்டினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் இடைவெளி விட்டு நாள் வையுங்கள்.

அறிவிப்புக் கொடுப்பதற்கு முந்தைய 30 நாளும் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். மூன்று வார விடுப்பில் வரும் வெளிநாட்டு மாப்பிள்ளையால் ஒரே பயணத்தில் இதை முடிக்க இயலாது. மணமகளின் வசிப்பிடத்தை வைத்து முதல் பயணத்தில் அறிவிப்பு, மூன்று மாதத்துக்குள் இரண்டாவது பயணத்தில் கல்யாணம் என்று டிக்கெட் போட வேண்டும்.

மணவிலக்கு ஆனவர் என்றால், மேல்முறையீட்டுக்கு இடமுள்ள தீர்ப்பாக இருந்தால் 90 நாள் கடந்த பிறகே தேதி வையுங்கள்.

4. ஆவணங்கள்

ஒவ்வொன்றிலும் அசலும் இரண்டு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதுக்கு: பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்புச் சான்று, டிசி, பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்று. ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

முகவரிக்கு: ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், ரேஷன் அட்டை. வாடகை வீடு என்றால் ஒப்பந்தமும்.

கல்யாணம் நடந்ததற்கு: பத்திரிகை, மண்டபம் அல்லது கோயில் ரசீது, தாலி கட்டும் படம். மணமக்கள் முகம் தெளிவாகத் தெரியும் படம் வேண்டும். ஆல்பம் வர ஆறு மாதம் ஆகும் என்பது தெரிந்ததுதானே, புகைப்படக்காரரிடம் அன்றைக்கே இரண்டு பிரிண்ட் கேட்டு வாங்கிவிடுங்கள். மண்டப ரசீது பெரும்பாலும் அப்பா பெயரில் இருக்கும், பத்திரிகையில் அதே பெயர் இருந்தால் பிரச்சினை இல்லை.

முந்தைய திருமணம் இருந்தால்: மணவிலக்குத் தீர்ப்பின் சான்றிட்ட நகல், அல்லது முன்னாள் துணையின் இறப்புச் சான்று.

தமிழ்நாடு பதிவுச் சட்டத்தின் படிவத்தில் கல்யாணத்தை நடத்திவைத்தவரின் கையெழுத்தும் வேண்டும். பலர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். ஐயர் அன்று மாலையே அடுத்த ஊர் முகூர்த்தத்துக்குக் கிளம்பிவிடுவார், பிறகு அவரைப் பிடிக்கக் காசிக்குக்கூடப் போக வேண்டியிருக்கும். படிவத்தை முன்பே அச்சிட்டுத் தாம்பூலப் பைகளோடு மண்டபத்துக்கு எடுத்துப்போங்கள். தட்சிணை கொடுக்கும் நேரத்தில் கையெழுத்து, முழு முகவரி, அடையாள அட்டை நகல் மூன்றையும் வாங்கிவிடுங்கள்.

கோயிலில் கல்யாணம் வைப்பவர்களிடம் கோயில் அலுவலகம் முதல் திருமணச் சான்று கேட்பது வழக்கம். கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்க வேண்டியது. அவர் கிடைக்க ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

திருப்பதியிலோ குருவாயூரிலோ கல்யாணம் என்றால் கவனம். தமிழ்நாட்டுச் சட்டம் தமிழ்நாட்டில் நடந்த கல்யாணத்துக்குத்தான். அங்கேயே பதிவை முடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். திரும்பி வந்தபின் நம் ஊர் அலுவலகத்தில் கெஞ்சிப் பயனில்லை. புதுச்சேரியும் இந்த விஷயத்தில் வெளி ஊர்தான்.

5. விண்ணப்பம்

பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் பயனர் கணக்குத் தொடங்கி நீங்களே நிரப்பலாம். எந்தச் சட்டத்தின்கீழ் என்று தளம் முதலிலேயே கேட்கும், மேலே முதல் குறிப்பைப் படித்துவிட்டு அந்த இடத்தைத் தொடுங்கள். கல்யாணம் நடந்த இடத்துக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம், மணமகன் அல்லது மணமகள் வசிக்கும் இடத்துக்குரியதிலும் பதியலாம்.

சிறப்புத் திருமணச் சட்ட அறிவிப்பில் சிறிய கட்டங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் கடிக்கும். பெயர், மணநிலை, தொழில், வயது, இருப்பிடம், நிரந்தர இருப்பிடம், எவ்வளவு காலமாக வசிக்கிறீர்கள் என்று கேட்கும். கடைசிக் கட்டத்தில் "ஒரு மாதம்" என்று எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டும், வாடகை ஒப்பந்தத் தேதி அதற்குப் பொருந்த வேண்டும். நிரந்தர இருப்பிடம் வேறு மாவட்டம் என்று எழுதினால், அறிவிப்பின் நகல் அந்த ஊர் அதிகாரிக்கும் போய் அங்கேயும் பலகையில் ஏறும். வீட்டில் எதிர்ப்பு உள்ளவர்கள் இதைத் தெரிந்தே கையெழுத்துப் போடுங்கள். வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்பச் சட்டம் சொல்லவில்லை, பலகையில் ஒட்டத்தான் சொல்கிறது.

மணநிலைக் கட்டத்தில் ஒரு வழுக்கல் உண்டு. ஏற்கனவே மண்டபத்தில் தாலி கட்டியாயிற்று, பத்திரிகையும் ஊர் முழுக்கப் போயாயிற்று. அதற்குப் பிறகு "மணமாகாதவர்" என்று உறுதிமொழி எழுதிச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் புதிதாகக் கல்யாணம் செய்யாதீர்கள். தெரிந்தே பொய் சொல்வது தண்டனைக்குரியது, பின்னால் விசா அதிகாரி இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துக் கேள்வி கேட்பார். நடந்துவிட்டதென்றால் 15ஆம் பிரிவு. நடக்கவில்லையென்றால் முதலில் அலுவலகத்தில் கல்யாணம், அடுத்த நாள் மண்டபத்தில் விருந்து. மதம் கடந்த கல்யாணங்களுக்கு இந்த இரண்டாவது வரிசைதான் எங்கள் பரிந்துரை.

6. அலுவலகத்தில் அன்று

நல்ல முகூர்த்த நாளில் போகாதீர்கள். முகூர்த்தம் என்றால் ஊரில் உள்ள மனை, வீடு எல்லாம் அன்றைக்குத்தான் கைமாறும். கூட்டத்தைச் சமாளிக்கப் பதிவுத் துறையே அந்த நாட்களில் கூடுதல் டோக்கன் அறிவிக்கிறது. பத்திரப் பதிவுக்கு வந்தவர்களுக்கு நடுவில் மாலையோடு நிற்பது மங்களகரமாக இருக்காது. சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை சுகம். நாள் பார்ப்பவர்கள் மண்டபத் தேதிக்குப் பார்த்தால் போதும்.

இருவரும் நேரில் வர வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் மூன்று சாட்சிகள் கட்டாயம், மற்றவற்றுக்கும் மூன்று பேரை அழைத்துப்போனால் ஒருவரின் அட்டையில் கோளாறு இருந்தாலும் வேலை நிற்காது. அவர்களும் அசல் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும், கைபேசியில் உள்ள படம் செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி முன்னால், மூன்று சாட்சிகள் கேட்க, "உன்னைச் சட்டப்படி என் மனைவியாக / கணவராக ஏற்கிறேன்" என்று ஒருவருக்கொருவர் வாயால் சொன்னால்தான் அந்தக் கல்யாணம் முழுமை. தமிழிலேயே சொல்லலாம். கூடுதல் கட்டணத்தோடு அலுவலகத்துக்கு வெளியே, அருகிலுள்ள இடத்திலும் நடத்தச் சட்டத்தில் இடம் உண்டு. அதிகாரியிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்குங்கள்.

சான்றிதழ் அச்சாவதற்கு முன் வரைவைக் காட்டச் சொல்லுங்கள். வெளியே பத்து உறவினர்கள் காத்திருக்கட்டும், நீங்கள் நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். கையெழுத்துக்கு முன் திருத்தம் இரண்டு நிமிடம். பின் என்றால் மனு, காத்திருப்பு, மறுபடி நடை.

7. செலவு

அரசுக் கட்டணம் பெரிய தொகையே இல்லை, கல்யாணச் செலவில் ஒரு பந்தி வெற்றிலைக்கு ஆகும் காசுகூட வராது. சரியான தொகையைத் தளமே காட்டும், அங்கேயே கட்டி ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் வருவாய்த் துறைச் சான்று ஏதும் வாங்க வேண்டியிருந்தால் ஒன்றுக்கு 60 ரூபாய்.

செலவு ஏறுவது இடைத்தரகரிடம்தான். அலுவலக வாசலில் "ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். 30 நாள் அறிவிப்பை எவராலும் ஒரே நாளாக்க முடியாது. அப்படி ஒருவர் ஆக்கித் தருகிறார் என்றால் பழைய தேதியைப் போட்டோ, நடக்காத சடங்கை நடந்ததாக எழுதியோ செய்கிறார், அந்தப் பொய்க்குக் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. படிவம் நிரப்பத் தெரியவில்லை என்றால் பத்திர எழுத்தரிடம் நிரப்பும் கூலியை மட்டும் பேசிக்கொள்ளுங்கள்.

8. யாராவது ஆட்சேபித்தால்

யாரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் வயது, ஏற்கனவே உயிரோடுள்ள துணை, மனநிலை, தடைசெய்த உறவு ஆகியவைதான் காரணமாக நிற்கும். சாதி வேறு, பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பவை காரணமே அல்ல. அதிகாரி 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு. மிரட்டல் இருந்தால் அறிவிப்புக் கொடுக்கும் முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் இருவரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.

9. சான்றிதழ் கைக்கு வந்த பிறகு

சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்று சேர்த்தே வாங்குங்கள். அசலை லேமினேட் செய்யாதீர்கள், பின்பக்கம் முத்திரை குத்த இடம் வேண்டும்.

வெளிநாட்டுக்கு என்றால் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (ஆவணத்தை வெளிநாடுகள் ஏற்பதற்கான சான்று முத்திரை). அமைச்சகக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய், முகவர் கூலி தனி. ஐக்கிய அரபு அமீரகம் அப்போஸ்டிலை ஏற்பதில்லை, அமீரகத் தூதரக முத்திரையும் வேண்டும்.

சாதி கடந்த கல்யாணம் என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டத்தைக் கேளுங்கள். தாலிக்கு 8 கிராம் தங்கமும், பட்டமோ பட்டயமோ பெற்றவர்களுக்கு 50,000 ரூபாயும், மற்றவர்களுக்கு 25,000 ரூபாயும் என்பது அதன் அளவு. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இருவரின் சாதிச் சான்றும் முதல் திருமணம் என்பதற்கான சான்றும் கேட்பார்கள். கல்யாணத்துக்கு முந்தைய வாரமே இவற்றை எடுத்து, மற்ற ஆவணங்கள் உள்ள கோப்பிலேயே போட்டு வையுங்கள்.